நாற்பது விளக்கின் பலம்

காற்றுக்குப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. தோணிக்காரன் பயப்படுவான், வாழை வைத்தவன் பயப்படுவான். முக்கூடல் வைத்தியலிங்கம் பிள்ளையின் மனைவி சொர்ணாம்பாளுக்குத் தோணியும் கிடையாது. வாழை சாய்ந்தால் கவலைப்படுவது கணவர் வேலை. ஆனாலும் ஆனி மாதம் பிறந்து மேற்கு மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் அந்த அம்மாளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

காரணம் ஊருக்கே தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆனியில்தான் மூத்த மகள் பார்வதிக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. பந்தலில் இரண்டு கீற்று பறந்தது, அது போகட்டும். மணமேடையில் இருந்த குத்துவிளக்கு ஐந்து முகமும் ஒரே வீச்சில் அணைந்துவிட்டது. அடுத்த நொடியே ஏற்றிவிட்டார்கள். ஆறாவது மாதம் மாப்பிள்ளை பேதி கண்டு போய்ச் சேர்ந்தார். பதினேழு வயதில் பார்வதி வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்த வருஷம் ஆற்றங்கரை ஊர்களில் பேதி எத்தனையோ வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தூக்கியது. அத்தனை வீட்டிலும் கல்யாண விளக்கு அணைந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. சொர்ணாம்பாளும் விசாரிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை முதலில் விளக்கு போனது, பிறகு மருமகன் போனார். அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில் இளையவள் ஆவுடைக்கு அம்பாசமுத்திரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தம் எந்த மாதத்தில் என்று கேட்டதும் சொர்ணாம்பாள் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆனியிலயா வச்சிருக்காக? வேற மாசமே கெடைக்கலையா அவுகளுக்கு?”

“மாப்பிள்ள வீட்டுல முடிவு பண்ணிட்டாக. நாம மாத்தச் சொன்னா, பொண்ணுக்கு என்ன கொறைன்னு கேப்பாக,” என்றார் பிள்ளை. அவருக்குக் கொழும்பில் அரிசி மண்டி உண்டு. வருஷத்தில் நாலு மாதம் அங்கேதான். “காத்துக்குத்தான பயப்படுத? கொழும்புல காத்துல அணையாத வெளக்கு இருக்கு. கண்ணாடிக் குமிழுக்குள்ள எரியுது. திரியும் இல்ல, எண்ணெயும் இல்ல.”

பாவம், சமாதானத்துக்குச் சொன்ன பேச்சு. சொர்ணாம்பாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அந்த வெளக்கு வரட்டும். வந்தாத்தான் இந்த வீட்டுல மேளம் கொட்டும்.”

வைகாசி கடைசியில் நாலு மாட்டுவண்டி தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து முக்கூடலுக்கு வந்தது. இலங்கையில் ஏதோ தேயிலைத் தொழிற்சாலையில் ஓட்டிக் கழித்த எண்ணெய் எஞ்சின், ஒரு டைனமோ, மரப்பெட்டிகளில் வைக்கோல் சுற்றிய கண்ணாடிக் குமிழ்கள். கூடவே இஸ்ரவேல் என்பவரும் வந்தார். பாளையங்கோட்டைக்காரர்; பன்னிரண்டு வருஷம் கொழும்பில் மின்சார வேலை பார்த்தவர். கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை. பெட்டிகளை இறக்கும்போது, “பைய, பைய” என்று அவர் சொன்ன தோரணையில், கைக்குழந்தையை இறக்குகிறார்களோ என்று ஊரே எட்டிப் பார்த்தது. எஞ்சினைப் பார்த்துக்கொள்ள மேலப்பாளையத்துக் காஜா முகைதீனை அழைத்து வந்திருந்தார்.

மாட்டுத்தொழுவத்தை ஒழித்து எஞ்சினை அங்கே நிறுத்தினார்கள். ஓட்டிப் பார்த்த முதல் நாள் சாயங்காலம் சொர்ணாம்பாள் எஞ்சினுக்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். இஸ்ரவேல் கண்ணை மூடி ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். காஜா முகைதீன் பிஸ்மி சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினார். எஞ்சின் மூன்று பேருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் ஓடியது.

இஸ்ரவேல் உள்நடைச் சுவர்ப் பலகையில் இருந்த கைப்பிடியை மேலே தள்ளினார். பந்தல் முழுக்க நாற்பது குமிழ்களும் ஒன்றாகக் கண் திறந்தன.

கூட்டம் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. நாற்பது விளக்கை ஏற்ற நாற்பது கை வேண்டாமா? ஒரு கைதானே அசைந்தது? சொர்ணாம்பாள் பைய நடந்து, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய ஒரு குமிழின் பக்கத்தில் போய் நின்றாள். முகத்தில் வெதுவெதுப்புத் தட்டியது. உள்ளே செக்கச் சிவந்த ஒரு மயிரிழை. அவ்வளவுதான் அந்த வெளிச்சத்துக்குச் சொந்தக்காரன். அவள் கன்னத்தை உப்பி, பலம் கொண்டமட்டும் அதன்மேல் ஊதினாள். இழை அசையவில்லை. இன்னொரு தடவை ஊதினாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஊதி ஊதி மூச்சு வாங்கிய அந்த அம்மாளின் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கியதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. எட்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது அவளுக்கு.

மனுஷ ஆசை அதோடு நிற்குமா? “தம்பி, இன்னும் பதினஞ்சு போடுங்க. வாசல்ல இருட்டா இருக்கு,” என்றாள் மறுநாள்.

“தாங்காதும்மா. நாப்பதுக்கு மேல போகக் கூடாது.”

“கண்ணாடி மிச்சம் இருக்குலா? போட்டாத்தான் என்ன?”

இஸ்ரவேல் வாதாடவில்லை. போட்டுக் காட்டினார். ஐம்பத்திரண்டாவது குமிழைச் சொருகியதும் ‘படக்’ என்று ஒரு சத்தம். பந்தல் முழுக்க இருட்டு. சொர்ணாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இஸ்ரவேல் அவளை வீட்டின் உள்நடைக்கு அழைத்துப் போய், சுவரில் பதித்திருந்த சலவைக்கல் பலகையைக் காட்டினார். அதில் இரண்டு பித்தளைக் குமிழுக்கு நடுவே ஒரு கம்பி அறுந்து, நுனியில் உருகிய ஈயம் மணி போலத் திரண்டிருந்தது.

“இதுக்குப் பேரு பியூசும்மா. டைனமோ தரக்கூடிய கரண்டு இருவத்தஞ்சு ஆம்பியர். வெளக்கு ஒண்ணு அரை ஆம்பியர் குடிக்குது. நாப்பது வெளக்குக்கு இருவது. இப்ப அம்பத்திரண்டு போட்டீக, இருவத்தாறு கேட்டுது. ஒரு மடைத் தண்ணிக்கு இத்தன வயல்னு கணக்கு இருக்குலா? அதுக்கு மேல இழுத்தா டைனமோ பழுத்துரும், வயரு பழுத்துரும். அப்படி ஆகுறதுக்கு முந்தி இந்தக் கம்பி உருகி வழிய அடச்சிருது.”

“அப்ப இது... சாகுறதுக்குன்னே வச்சிருக்க கம்பியா?”

“ஆமாம்மா. இது போனாத்தான் மத்தது பொழைக்கும்.”

சொர்ணாம்பாள் அந்த ஈய மணியை வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கும் இவ்வளவு வெளிச்சத்துக்கும் நடுவில், இதற்குமேல் கூடாது என்று சொல்ல ஒரு நூல் கம்பியை நிறுத்திவைத்த மூளை யாருடையதோ! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பதினைந்து விளக்கு ஆசையை விட்டுவிட்டாள். பலகைக்கும் ஒரு குங்குமப்பொட்டு வைத்தாள்.

ஆனால் இன்னொரு உத்தரவு போட்டாள். விளக்குக்கு விளக்குத் தனி விசை எதுவும் இருக்கக் கூடாது. கல்யாணக் கூட்டத்தில் எவனாவது விளையாட்டாகக் கைவைத்து அமர்த்திவிட்டால்? நாற்பதுக்கும் சேர்த்து ஒரே கைப்பிடி, உள்நடைப் பலகையில், வீட்டு ஆள் கண்பார்வையில். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மேலே தள்ளினால், எல்லாம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போகும்வரை கீழே இறங்கக் கூடாது.

“பகல்லயுமாம்மா? வெயில்ல எரிஞ்சா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

இஸ்ரவேல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பந்தல் கால்களுக்கு இரும்புப் பட்டை அடிக்க அவர் கொண்டுவந்திருந்த இன்னொரு சாமான்தான் ஊர் ஆசாரிமாரைக் கிறங்க அடித்தது. துளை போட ஆசாரிகள் தமர் வைத்திருப்பார்கள். கயிற்றை இழுத்து இழுத்துச் சுற்றவேண்டும். இது ஒரு பூசணிக்காய் கனமுள்ள இரும்பு உருண்டை. இரண்டு பக்கம் பிடி, முன்னால் துளையூசி. பலகையில் வயரைத் தொடுத்தால் தன்னால் சுற்றும். இரும்பை வெண்ணெய் போலச் சுருள் சுருளாகச் செதுக்கித் தள்ளும். கரண்டுத் தமர் என்று பேர் வைத்தார்கள். வேலை முடிந்ததும் இஸ்ரவேல் அதை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கல்யாண நாள் விடிந்தது. காற்று நினைத்ததைவிடப் பலமாக இருந்தது.

விடிவதற்கு முன்பே பார்வதியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பேச்சு வாய்விட்டு நடப்பதில்லை. முகூர்த்த நேரத்தில் வெள்ளைச் சேலை எதிரே வரக் கூடாது, அவ்வளவுதான். பார்வதியே முடிவு சொன்னாள்.

“நான் பெட்டக அறைக்குள்ள இருந்துக்கிடுதேன் அம்மா. நகைக்குக் காவலுமாச்சு.”

பெட்டக அறை உள்நடையின் கடைசியில், சலவைக்கல் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று முழக் கல்சுவர். கொழும்பில் எங்கோ பழைய கஜானாவில் இருந்த உருக்குக் கதவைப் பிள்ளை கொண்டுவந்து மாட்டியிருந்தார். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மேலே இருந்த சின்னத் துவாரத்தையும், கல்யாணக் கூட்டத்தில் திருட்டுப் பயம் என்று போன வாரம்தான் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும் பார்வதி உள்ளே போனாள்; சொர்ணாம்பாள் அங்கே ஒரு எண்ணெய் விளக்கு ஏற்றிவைத்தாள். நகை இருக்கிற இடத்தில் லட்சுமி இருக்கவேண்டும் என்று தூபக்காலில் நல்ல கங்காகப் போட்டுச் சாம்பிராணியும் வைத்தாள். பிறகு யாராவது தெரியாமல் திறந்துவிடப் போகிறார்களே என்று வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நகையைக் காப்பாற்றவா பூட்டினாள், மகளை மறைக்கவா? அதை அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பதரை மணிக்குத் தாரை வார்த்து முடிந்தது. தாலியைத் தாம்பாளத்தில் வைத்து, நானூறு பேரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் ஒரு அத்தை, “மாப்பிள்ளைக்குப் போடுத கணையாழி எங்க?” என்று கேட்டாள். சொர்ணாம்பாள் உள்ளே விரைந்தாள்.

சாவியை நுழைத்துத் திருப்பினாள். இறுகியது. பலமாகத் திருப்பினாள். சாவியின் தலை கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் இருந்துவிட்டது.

“பார்வதி!”

பதில் உடனே வரவில்லை. கதவின் அடிப்பக்கத்திலிருந்து லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அம்மா... தல கிறுகிறுங்குது. வெளக்கு தன்னால சிறுத்து அமந்துட்டு. இருட்டா இருக்கு.”

சொர்ணாம்பாள் போட்ட கூச்சல் நாதஸ்வரத்தில் அமுங்கிப்போனது. வேலைக்காரி இசக்கியம்மாதான் கேட்டு ஓடிவந்தாள்; அவள் ஓடி இஸ்ரவேலையும் பிள்ளையையும் அழைத்துவந்தாள். பிள்ளை கதவில் தோளைக் கொடுத்து மோதினார். கதவு அவரை மதிக்கவில்லை. சுவரை இடிக்க அரைநாள் ஆகும். இஸ்ரவேல் தரையில் படுத்துக் கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். நூல் நுழைய இடமில்லை.

“உள்ள கரியா போட்டீக?”

“சாம்பிராணிக்குப் போட்டேன் தம்பி.”

அவர் முகம் மாறியது. “கரிப்புகை நின்னு கொல்லும்மா. கொழும்புல கப்பல் அறையில பாத்திருக்கேன். மொதல்ல ஒரு தொளை வேணும். காத்துப் போகணும். பூட்டு பொறவு.”

பெட்டியைத் திறந்து கரண்டுத் தமரைத் தூக்கிவந்தார். வயரைப் பலகையில் தொடுக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன வே நிக்கீரு?” என்று பிள்ளை கத்தினார்.

“ஐயா, தமரு உருக்குல பல்லுப் போடும்போது பன்னெண்டு ஆம்பியர் இழுக்கும். வெளக்கு இருவது குடிச்சிட்டு இருக்கு. தொடுத்த ஒடனே பியூஸ் போயிரும். வெளக்கும் போயிரும், தொளையும் விழாது.”

“அந்த நூல் கம்பியக் கழத்தி எறியும்! தடிச்ச செம்புக் கம்பி இருக்குலா? அதப் போட்டு முறுக்கும். வெளக்கும் எரியட்டும், தமரும் ஓடட்டும்.”

இஸ்ரவேல் செம்புக் கம்பியைக் கையில் எடுத்தேவிட்டார். இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்; எஞ்சின் திணறினாலும் ஓடும். பிறகு அதைத் தரையில் போட்டார்.

“மாட்டேன் ஐயா. கம்பி உருகாட்டா வயரு பழுக்கும். வயரு போறது பந்தலுக்குள்ள. காஞ்ச கீத்து, இந்தக் காத்து, உள்ள நானூறு பேரு. ஒருத்திய எடுக்க நானூறு பேரப் பணயம் வைக்க முடியாது. வெளக்க அமத்துங்க. நாப்பது வெளக்கும் குடிக்குத கரண்ட எனக்குக் குடுங்க. தொறந்துருதேன்.”

எல்லோரும் சொர்ணாம்பாளைப் பார்த்தார்கள். நாற்பதுக்கும் ஒரே கைப்பிடி; பாதியை மட்டும் அமர்த்த வழியில்லை. வைக்கச் சொன்னதும் அவள்தான்.

சொர்ணாம்பாள் கைப்பிடியில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

பெற்றவளுக்கு இதில் என்ன யோசனை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எட்டு வருஷம் அந்தப் பயத்தோடு படுத்து அந்தப் பயத்தோடு எழுந்தவர்கள் இல்லை அவர்கள். தாலித் தாம்பாளம் பந்தலில் பாதி வந்திருக்கும். இப்போது கையை இறக்கினால், ஆவுடையின் முகூர்த்தத்தில் விளக்கை அணைத்தது காற்றல்ல, பெற்ற தாய். ஒரு மகள் கதவுக்கு உள்ளே. ஒரு மகள் மணையில். எவளுக்காக எவளைப் பணயம் வைப்பது? சாமி எதையாவது சொல்லாதா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பந்தலிலிருந்து நாதஸ்வரம்தான் கேட்டது.

கதவின் அடியிலிருந்து பார்வதியின் குரல் வந்தது. வெளியே நடந்த பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

“வெளக்க அமத்தாதீங்க அம்மா. தங்கச்சிக்குத் தாலி ஏறட்டும். நான் இருந்துக்கிடுதேன்.”

அதற்குப் பிறகு தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

இருந்துக்கிடுதேன். எட்டு வருஷமாக அவள் சொல்லிவந்தது அந்த ஒரு சொல்தான். யார் வீட்டு விசேஷம் என்றாலும், யார் வந்தாலும், அடுக்களையில் இருந்துக்கிடுதேன், கொல்லையில் இருந்துக்கிடுதேன். ஒரு தடவைகூடச் சொர்ணாம்பாள் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. அதோடு சேர்த்துக் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

“தொளை போடுங்க தம்பி! இங்கன... கீழ... சத்தம் இங்கனதான் கேட்டுது!”

இஸ்ரவேல் மண்டியிட்டு, தமரை நெஞ்சோடு அணைத்து ஊசியைக் கதவில் ஊன்றினார். பிள்ளை பின்னாலிருந்து அவர் தோளைத் தாங்கினார். வயர் பலகையில் தொட்டதும் தமர் உறுமியது. உருக்கில் பல் பட்டதும் உறுமல் அடிக்குரலுக்கு இறங்கியது. தொழுவத்தில் எஞ்சினின் மூச்சும் அதே கணத்தில் கனத்தது. சொர்ணாம்பாளின் காலடியில் தரை அதிர்ந்தது. பந்தலெங்கும் பரந்து கிடந்த நாற்பது விளக்கின் வெளிச்சமும் ஒரு கம்பி வழியாகத் திரும்பி வந்து, இந்த மனிதரின் இரண்டு கைக்குள் புகுந்து, ஒரு விரல் பருமன் ஊசியின் நுனியில் கூடிவிட்டது. இத்தனை நாளும் கண்ணுக்கு இதமாக அமைதியாய் எரிந்துகொண்டிருந்ததா இது? ஊதி ஊதிப் பார்த்தாளே, அது இவ்வளவு வேகத்தையா உள்ளே அடக்கிக்கொண்டு சும்மா இருந்தது? பயமும் பக்தியும் பிரித்தறிய முடியாதபடி அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அவள் கை தன்னால் குவிந்தது.

பலகையில் நூல் கம்பி கதகதவென்று இருந்தது. உருகவில்லை.

இசக்கியம்மா துளையில் எண்ணெய் ஊற்றினாள். எண்ணெய் புகைந்தது. நீலம் பாரித்த இரும்புச் சுருள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கதவு அரை அங்குல உருக்கு. இஸ்ரவேலின் நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது.

அப்போதுதான் பந்தலில் கெட்டிமேளம் முழங்கியது. பிள்ளை ஒரு கணம் தலையைத் திருப்பினார். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. சொர்ணாம்பாள் திரும்பவே இல்லை. இளைய மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை.

ஊசி ‘லபக்’ என்று உள்ளே போனது. இஸ்ரவேல் தமரைப் பின்னால் இழுத்தார். துளையிலிருந்து சூடான புகை நூலாகக் கிளம்பியது.

சொர்ணாம்பாள் தரையில் விழுந்து வாயைத் துளையில் வைத்தாள். “பார்வதி! ஏ பார்வதி! மூஞ்சியத் தொளைக்கிட்டக் கொண்டா! எங் கண்ணு, என்னப் பெத்தவளே, மூச்சு விடு!”

ஒன்றுமில்லை. பிறகு ஏதோ உரசுகிற சத்தம். ஒரு இருமல். இன்னொரு இருமல். கடைசியில் அந்தத் துளை வழியாக, சூடு இன்னும் ஆறாத இரும்பைத் தொட்டுக்கொண்டு, ஒரு சுண்டுவிரல் வெளியே வந்தது. சொர்ணாம்பாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூட்டைச் சுற்றி இன்னும் மூன்று துளை விழுந்து, இஸ்ரவேல் கடப்பாறையால் நெம்பிக் கதவைத் திறக்கும்வரை அந்த விரலை விடவில்லை.

பார்வதியை உள்நடையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மேற்குக் காற்று நடை வழியாக வீசியது. இசக்கியம்மா எல்லாக் கதவையும் திறந்துவிட்டாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் காற்றைச் சொர்ணாம்பாள் வையவில்லை. மகளின் உதட்டில் நிறம் திரும்பி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்வதி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். வெளியே எட்டிப் பார்த்து, “வெளக்கெல்லாம் அமந்திருக்கே... யாரு அமத்துனா?” என்றாள்.

“நாந்தான்.”

பார்வதிக்கு அழுகை வந்தது. “ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?”

அதற்குள் பிள்ளை ஓடிப்போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஒருத்தரும் கவனிக்கல! நானூறு பேர்ல ஒருத்தரும்! எல்லாரும் அட்சதை போட்டுட்டுப் பாயசத்தப் பத்திப் பேசிட்டு இருக்காக. இஸ்ரவேலு, கைப்பிடிய மேல தள்ளும் வே!”

வெயில் பந்தலுக்குள் பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நாற்பது விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன, எவன் கண்டான்? சொர்ணாம்பாளுக்கு அதில் ஆறுதல் கிடைத்ததா என்றால் இல்லை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அணைத்தது அவள் கை. அந்தப் பயம் ஒருநாளில் போகிற பயமா? ஆவுடைக்கு ஒரு தலைவலி வந்தால்கூட இனி இந்தக் கைப்பிடிதான் கண்ணில் நிற்கும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே எழுந்து, பார்வதியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வா.”

“எங்கம்மா?”

“பந்தலுக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவங்க கால்ல விழுதாக. நீ அவளுக்கு அக்காலா?”

“இப்ப வேண்டாம் அம்மா. எல்லாரும் போகட்டும், நான் இங்கன இருந்துக்...”

“அந்தப் பேச்ச எடுக்காத!” என்றாள் சொர்ணாம்பாள். அதட்டலில் அவள் குரலே உடைந்தது.

கரி அப்பிய வெள்ளைச் சேலையோடு பார்வதி பந்தலுக்குள் வந்தபோது முன்வரிசையில் பேச்சு நின்றது. சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பினாள். ஒரு கிழவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொர்ணாம்பாளின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளங்கை வேர்த்தது; மகளின் கை வழுக்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மணையில் இருந்த ஆவுடை தலை நிமிர்ந்தாள். புதுத் தாலி கழுத்தில் மஞ்சளாகக் கிடந்தது. அக்காளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, பிறகு கோபமாகி, பிறகு உதடு துடிக்க எழுந்தேவிட்டாள்.

“எங்க போன நீ? தாலி கட்டும்போதுகூட உன்னத்தான் தேடிட்டு இருந்தேன்.”

ஆவுடை மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்து, “மொதல்ல எங்க அக்கா கால்ல விழணும்,” என்றாள். இரண்டு பேரும் விழுந்தார்கள்.